கேள்வி நேரம்: அட்டை கையில் இருக்கிறது, பெயர் பட்டியலில் இருக்கிறதா?

கேள்வி: ‘ஓட்டுப் போட அரசாங்க அட்டை கட்டாயமா? போன தேர்தலில் ஸ்மார்ட் ரேஷன் கார்டைக் காட்டிய என் தாயாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கள் இடத்தில் வாடகைக்கு இருக்கும் கம்பெனிப் பிள்ளைகள் இங்கேயே ஓட்டுப் போட முடியுமா? பிறந்ததிலிருந்து ஒரே ஊரில் இருப்பவர்களிடம் அடையாளம் கேட்பது நியாயம்தானா?’

- வாசகர் ஒருவர், சேரப்பணஞ்சேரி.

பதில்: கேள்வி மூன்று வரிதான். அதோடு வந்த கடிதம் மூன்று பக்கம். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையில், வண்டலூர் - வாலாஜாபாத் சாலையை ஒட்டிய ஊர். குடும்பத்து நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போய், மிச்சமிருப்பது ஒன்றரை ஏக்கர். சாலையோரமாக இருந்த துண்டில் வரிசையாக எட்டு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அறைகளில் இருப்பவர்கள் விருதுநகர், திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன்களும் பீகார், ஒடிசாக்காரர்களும். தாயாருக்கு வயது 78. ஊரில் அவரைத் தெரியாதவர் கிடையாது, வாக்குச்சாவடியில் இருந்த அலுவலரைத் தவிர.

ரேஷன் கார்டு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு இருக்கும் மரியாதை வேறெந்த அட்டைக்கும் இல்லை. பொங்கல் பரிசு, வெள்ள நிவாரணம், உரிமைத் தொகை என்று எதற்குப் போனாலும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆகவே அந்த அம்மாள் அதை எடுத்துப்போனதில் தப்பே இல்லை. ஆனால் தேர்தல் ஆணையத்தின் கணக்கு வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அடையாள அட்டை இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக 12 ஆவணங்களில் ஏதாவது ஒன்றைக் காட்டலாம் என்று ஆணையம் அறிவித்தது. ஆதார், நூறு நாள் வேலை அட்டை, வங்கி அல்லது அஞ்சலகத்தின் புகைப்படம் ஒட்டிய பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, பாஸ்போர்ட், புகைப்படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம், மாற்றுத்திறனாளிகளின் தனித்துவ அடையாள அட்டை ஆகியவை கிராமத்து வீடுகளில் இருக்கக்கூடியவை. அரசு ஊழியர் அட்டை, தொழிலாளர் காப்பீட்டு ஸ்மார்ட் கார்டு போன்றவை மீதி. பன்னிரண்டில் ரேஷன் கார்டு கிடையாது. வீட்டுக்கு வந்து கொடுக்கும் பூத் சிலிப்பும் 2019 முதல் தனியாகச் செல்லாது. அது பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரிந்துகொள்ள மட்டும்தான்.

அலுவலர் விதிப்படிதான் நடந்திருக்கிறார். ஆனாலும் ‘வேறு என்ன அட்டை இருக்கிறது, எடுத்து வாங்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆதார், நூறு நாள் வேலை அட்டை இரண்டுமே டிரங்குப் பெட்டியில் இருந்ததாகக் கடிதம் சொல்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்கிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து ஓட்டுப் போட விடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காலையில் திரும்பி வந்தவர் மாலைவரை திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பன்னிரண்டு அட்டைகளையும் மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டு போனாலும், வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. பெயர் இருந்து வாக்காளர் அட்டை தொலைந்து போயிருந்தால் வேறொன்றைக் காட்டி ஓட்டுப் போடலாம். விவசாயிகளுக்கு இது புதிய சங்கதி அல்ல. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய பட்டா நகல் பத்திரமாக பீரோவில் இருக்கும். தாலுகா அலுவலகக் கணக்கில் பெயர் மாறியிருந்தால் அந்த நகலை வைத்து என்ன செய்வது? வாக்காளர் அட்டை அந்த நகல் போல. பட்டியல்தான் கணக்கு. 1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் அந்தத் தொகுதியில் வாக்களிக்க உரிமை உண்டு, இல்லாத எவருக்கும் இல்லை.

வாக்குச்சாவடிக்குள் நடப்பதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். முதல் அலுவலர் அட்டையைப் பார்த்து, பெயரையும் வரிசை எண்ணையும் சத்தமாகப் படிப்பார். கட்சி முகவர்கள் தங்கள் கையிலுள்ள பட்டியலில் சரிபார்ப்பார்கள். ‘இவர் அவர் இல்லை’ என்று முகவர் ஒருவர் ஆட்சேபம் சொன்னால், 2 ரூபாய் கட்டிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே விசாரித்து முடிவு சொல்வார். அட்டையில் பெயரோ தகப்பனார் பெயரோ எழுத்துப் பிழையாக இருந்தால், ஆள் இவர்தான் என்று தெரிகிறவரை அதற்காக ஓட்டை மறுக்கக் கூடாது. வேறு தொகுதியில் கொடுத்த வாக்காளர் அட்டையாக இருந்தாலும், இந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால் செல்லும். அட்டையில் உள்ள படம் ஆளோடு சேரவில்லை என்றால்தான் வேறு ஆவணம் கேட்பார்கள்.

நம் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டுப் போயிருந்தால்? அப்போதும் திரும்பி வரத் தேவையில்லை. அடையாளத்தைக் காட்டி ‘டெண்டர் ஓட்டு’ கேட்கலாம். இயந்திரத்தில் அல்லாமல் அச்சடித்த வாக்குச்சீட்டில் போட்டு, தனி உறையில் வைப்பார்கள். சாதாரணமாக அது எண்ணப்படாது. ஆனால் வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்து வழக்கு நீதிமன்றம் போனால் அந்த உறைக்கு வேலை வரும்.

அட்டை வந்த கதையும் இந்தக் கள்ள ஓட்டிலிருந்து தொடங்குவதுதான். 1951-52 முதல் பொதுத்தேர்தலில் யாரிடமும் அட்டை கிடையாது. விரல் மையும் பட்டியலும்தான் இருந்தன. அந்தப் பட்டியலிலேயே ஒரு சோகம் உண்டு. வட மாநிலங்களில் பல பெண்கள் தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லாமல் ‘இன்னாருடைய மனைவி’, ‘இன்னாருடைய தாய்’ என்றே பதியச் சொன்னார்கள். அப்படிப்பட்ட சுமார் 28 லட்சம் பெயர்களை முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நீக்கவேண்டி வந்தது. ஆள் இருந்தார்கள், வயது இருந்தது, எழுதப்பட்ட பெயர் மட்டும் இல்லை. புகைப்பட அட்டை வந்தது 1993-ல், டி.என்.சேஷன் காலத்தில். அட்டை கொடுக்காவிட்டால் தேர்தலே நடத்தமாட்டேன் என்று அவர் மாநிலங்களோடு மல்லுக்கு நின்றார். அதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அட்டை எடுத்துக் கொடுப்பது அரசின் வேலை, அதற்கான செலவும் அரசுடையது என்பதுதான் அவர் போட்ட சண்டையின் அடிப்படை. மக்கள் தாங்களாகத் தேடிக்கொண்டு வர வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

அடையாளம் கேட்பது நியாயமா என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. வீடு தேடி வந்து இலவசமாக அட்டை கொடுத்து, அது தொலைந்தால் பன்னிரண்டு மாற்று வழியும் வைத்துவிட்டுக் கேட்டால், கேட்கலாம். ஊரே அறிந்தவர் என்பது சேரப்பணஞ்சேரியிலேயே இப்போது பாதிதான் உண்மை. சாவடி அலுவலர் வெளியூர்க்காரர். வரிசையில் நிற்பவர்களில் பலர் நேற்று வந்தவர்கள். கொடுக்காமல் கேட்பதுதான் வம்பு. இங்கிலாந்தில் எல்லோருக்குமான தேசிய அட்டை கிடையாது. 2023 மே மாத உள்ளாட்சித் தேர்தலில் முதல் முறையாகப் புகைப்பட அடையாளம் கேட்டார்கள். சாவடிவரை வந்து, அட்டை இல்லாமல் திரும்பிப்போய், மறுபடி வராமலே போனவர்கள் சுமார் 14,000 பேர் என்று அந்நாட்டுத் தேர்தல் ஆணையமே கணக்குச் சொன்னது. வந்தவர்களில் அது 400-ல் ஒருவர். அட்டை இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

இங்கே நிலைமை வேறு. சாவடியில் அட்டை இல்லாமல் ஓட்டு இழக்கிறவர்கள் குறைவு. பட்டியலில் பெயர் இழக்கிறவர்கள் எண்ணிக்கைதான் மலைக்க வைக்கிறது. தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4-ம் தேதி தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு (எஸ்.ஐ.ஆர். என்று சொல்கிறார்களே, அதுதான்) டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சமாக இருந்த வாக்காளர்கள் 5 கோடியே 43 லட்சமானார்கள். சுமார் 97 லட்சம் பெயர்கள் குறைந்தன. அதில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம், இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்கு மேல். இவை இரண்டும் நீங்க வேண்டியவைதான், அதில் யாருக்கும் மனக்குறை இருக்க முடியாது. மீதி 66 லட்சத்துச் சொச்சம் பேர் ‘இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்’.

முகவரியில் இல்லை என்ற அந்த வார்த்தையைத் தொழிற்சாலைப் பகுதியில் இருப்பவர்கள் நின்று யோசிக்க வேண்டும். 2024-ல் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்காளர்கள் கொண்ட மக்களவைத் தொகுதி ஸ்ரீபெரும்புதூர், சுமார் 23 லட்சத்து 80 ஆயிரம் பேர். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இங்கே ஜனங்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். 2006-ல் வந்த நோக்கியா 2014 நவம்பரில் மூடியதும் ஆயிரக்கணக்கானவர்கள் அறையைக் காலி செய்தார்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரு பெரிய கிராமத்தைப்போல் பல மடங்கு அது. நிலத்தைக் கொடுத்த குடும்பங்களும் இடம் மாறியிருக்கின்றன. அண்ணன் படப்பையில், தம்பி வாலாஜாபாத்தில், அம்மா பழைய வீட்டில். கணக்கெடுக்க வந்தவர் கதவைத் தட்டும் நேரத்தில் அண்ணன் முதல் ஷிப்டில் இருப்பார், தம்பி தூக்கத்தில் இருப்பார்.

பட்டியலில் பெயர் இருந்தும், 2002 அல்லது 2005 பட்டியலோடு தொடர்பு காட்ட முடியாதவர்களுக்கு நோட்டீஸ் என்று ஏற்பாடு. அங்கேதான் உண்மையான அடையாளச் சோதனை வருகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் தன் பிறந்த தேதிக்கோ இடத்துக்கோ ஆவணம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 2-க்குள் பிறந்தவர் தனக்கும், பெற்றோரில் ஒருவருக்கும். அதற்கும் பின் பிறந்தவர் தனக்கும் பெற்றோர் இருவருக்கும். பத்தாம் வகுப்புச் சான்று, சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்று, பாஸ்போர்ட், அரசு கொடுத்த மனை அல்லது வீட்டு ஒதுக்கீட்டு ஆவணம் ஆகியவை ஆணையத்தின் பட்டியலில் உண்டு. வாக்காளர் அடையாள அட்டை இல்லை! ஆணையமே கொடுத்த அட்டை ஆணையத்துக்கே ஆதாரமாகாது என்பது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. ஆதாரையும் முதலில் சேர்க்கவில்லை. பீகார் வழக்கில் 2025 செப்டம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, குடியுரிமைக்கு அல்ல, அடையாளத்துக்கு மட்டும் என்று பன்னிரண்டாவதாக அது சேர்ந்தது.

மருமகளாக வந்த பெண்களுக்குத்தான் இதில் அதிக அலைச்சல். பிறந்த ஊரின் பழைய பட்டியலில் அப்பா பெயர் எந்தப் பாகத்தில், எந்த எண்ணில் இருந்தது என்று தேட வேண்டும். அப்பா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியிருக்கும், தொகுதியின் பெயரே மாறியிருக்கும். வயதானவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய ஒன்று அதே பட்டியலில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் அரசு, உள்ளாட்சி, வங்கி, அஞ்சலகம், எல்.ஐ.சி., பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கொடுத்த அட்டையோ சான்றோ ஆவணமோ ஏற்கப்படும். பழைய எல்.ஐ.சி. பாண்டு, அஞ்சலகப் பாஸ்புக் என்று எது இருந்தாலும், கரையான் அரிப்பதற்குள் எடுத்து உறையில் போட்டு வைப்பது நல்லது.

தகப்பன் பாட்டன் காகிதத்தைக் கேட்டு ஓட்டைப் பறித்த கதை தமிழர்களுக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு. இலங்கை மலையகத் தோட்டங்களில் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களில் ஜெயித்தது. 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்தது. முன்னோர் அங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். லயங்களில் பிறந்தவர்களில் பெரும்பாலோரிடம் அப்படியொரு காகிதம் இல்லை. 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, குடிமக்கள் அல்லாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 1952 தேர்தலில் மலையகத் தமிழர் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்தது 2003-ல்தான். இங்கே நடப்பதும் அதுவும் ஒன்று என்று சொல்ல முடியாது. இங்கே நோட்டீஸ் உண்டு, மேல்முறையீடு உண்டு, நீதிமன்றம் உண்டு. ஆனால் நாற்பது வருடம் ஓட்டுப் போட்டவரிடம் ‘நீ யார் என்று நிரூபி’ என்று சொல்லும்போது, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பது சின்னக் கேள்வி அல்ல. 1995-ல் லால் பாபு ஹுசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் பதிவுக்கு உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும், நோட்டீஸும் பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் நீக்கக் கூடாது என்று சொன்னது.

ஆகவே பெயர் போயிருந்தால் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. படிவம் 6 கொடுத்துச் சேர்க்கலாம். நீக்கியதோ மறுத்ததோ தவறு என்றால், வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவை எதிர்த்து 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடமும், அங்கேயும் ஆகாவிட்டால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். இறுதிப் பட்டியல் வந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது. வேட்புமனுவுக்குக் கடைசி நாள்வரை சட்டப்படி பெயர் சேர்க்க இடம் உண்டு. விசாரணைக்கு நாள் பிடிக்கும் என்பதால், அதற்குப் பல நாள் முன்பே மனு கொடுத்துவிட வேண்டும். 1950 என்ற எண்ணில் கேட்டாலும், voters.eci.gov.in தளத்தில் தேடினாலும் பெயர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கிராமத்தில் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருப்பார், நேரில் கேட்பதே சுலபம்.

இனி, வாடகைக்கு இருக்கும் பிள்ளைகள். அவர்கள் இங்கேயே ஓட்டுப் போடலாம். எந்த ஊர்க்காரர், என்ன பாஷை பேசுகிறார் என்று சட்டம் கேட்பதில்லை. இந்தியக் குடிமகனாக, 18 வயது நிரம்பியவராக, அந்த இடத்தில் ‘சாதாரணமாக வசிப்பவராக’ இருந்தால் போதும். நிலமோ வீடோ இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார். சில மாதம் வெளியே போனதால் மட்டும் வசிக்காதவராகவும் ஆகிவிட மாட்டார். விருதுநகர்ப் பையன் ஊரில் வைத்துக்கொள்வதா இங்கே மாற்றிக்கொள்வதா என்று ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வைத்திருப்பது குற்றம், பொய் உறுதிமொழிக்கு ஒரு வருடம்வரை சிறை உண்டு. மாற்றுவதற்குப் படிவம் 8. முகவரிக்கு ஆதாரோ பாஸ்புக்கோ இந்த ஊர் முகவரியில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். சிக்கல் அங்கேதான். எட்டு அறைக்கும் வாய்ப்பேச்சுதான் ஒப்பந்தம் என்று கடிதமே ஒப்புக்கொள்கிறது. எந்தக் காகிதமும் இல்லாவிட்டால் அலுவலர் நேரில் வந்து விசாரித்துச் சேர்க்கலாம். அப்போது ‘ஆமாம், இவர் இங்கேதான் இருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் சொல்ல வேண்டும்.

இப்படிச் சொல்லப் பல வீட்டுக்காரர்கள் தயங்குகிறார்கள். அறை கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் ஒன்று. வாக்காளர் பட்டியலில் பெயர் வருவதால் வீட்டின்மேல் யாருக்கும் உரிமை வந்துவிடாது. இன்னொன்று, வெளியூர்க்காரர்கள் சேர்ந்தால் பஞ்சாயத்துத் தேர்தலில் ஊர்க்காரர் கை தாழ்ந்துவிடுமோ என்ற எண்ணம். கடிதம் அதை வெளிப்படையாக எழுதவில்லை, வரிகளுக்கு நடுவில் இருக்கிறது. ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறவர், ஊர்ச் சாலையில் நடக்கிறவர், குப்பை அள்ளாவிட்டால் அவதிப்படுகிறவர் அந்த ஊர்த் தேர்தலில் நிற்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? சொந்த ஊர்த் தொகுதிக்கு இங்கிருந்தே போடும் இயந்திரம் ஒன்றின் மாதிரியை ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே இங்கே பெயர் இல்லாத பையன், ஷிப்ட் விடுப்பும் ரயில் டிக்கெட்டும் கிடைத்தால்தான் வாக்காளர்.

கடிதத்தின் கடைசிப் பக்க ஓரத்தில் தாயார் சொல்லி எழுதியதாக ஒரு வரி இருக்கிறது. நாற்று நட்டுக் களை பறித்துக் கைரேகையே தேய்ந்துவிட்டது, ரேஷன் கடை இயந்திரத்தில் பல தடவை விழுவதில்லை, ஓட்டுச் சாவடியிலும் அப்படி ஒன்று வந்துவிட்டதா என்று கேட்கிறார். வரவில்லை. அங்கே பதிவேட்டில் கையெழுத்துப் போடலாம், கையெழுத்து வராவிட்டால் பெருவிரலை மையில் தோய்த்து வைக்கலாம், ரேகை விழுந்ததா என்று எந்த இயந்திரமும் சோதிக்காது. இடது ஆட்காட்டி விரலில் மை வைப்பார்கள். வாக்காளர் அட்டையோ, டிரங்குப் பெட்டியில் உள்ள ஆதாரோ கையில் இருந்தால் போதும். 85 வயதைத் தாண்டியவர்கள் 12டி படிவம் கொடுத்தால் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கொள்வார்கள். தாயாருக்கு அதற்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. அதுவரை சாவடிக்குத்தான் போக வேண்டும்.